குழாய்ப் பள்ளமும் கொங்கு வரலாறும்

நம் மடத்துக்குளம் வட்டாரம் அமராவதியின் கரையில் அமைந்தது. இவ்வாறு கருவூரைக் கடந்து காவிரியில் கலக்கின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த பண்டை வணிகத்தின் சுவடுகள் கொங்கு நாட்டில் பல இடங்களில் கிடைத்துள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரு மட்கலத்துள் ரோமானிய வெள்ளிக்காசுகள் 522 கிடைத்தன. நமக்கு அண்மையில், பழனிச் சாலையிலுள்ள கலயம்புத்தூரில் 1856இல் பொற்காசுகள் கிடைத்தன. காசில் பொறித்த மன்னர் பெயர்களை நூல்கள் விரித்துரைக்கின்றன. மண்ணை வெட்டியவர் பெயரை நாம் படித்த நூல் எதுவும் கூறவில்லை. அவர் எத்தெருவினர் என்பதை நம் இளைஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் சிற்றூர்தோறும் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டப்பட்டது. மூன்றடிதானே என எண்ணலாகாது. ஆற்றங்கரைப் பழமேடுகளில் பானை ஓடுகள் அவ்வாழத்திற்கு மேலேயே கிடைப்பதுண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குச் சட்டக் காவல் உண்டு. பட்டியலில் இடம்பெறாத நம் ஊர் மேடுகளுக்கு அதுவும் இல்லை. காவலின்றி விட்டால் நேர்வது யாது? 1850களில் லாகூர்–முல்தான் இருப்புப்பாதைக்குச் சல்லியாக அரப்பாவின் செங்கற்கள் வண்டி வண்டியாக அள்ளப்பட்டன. சுமார் 100 மைல் பாதைக்கு அவை போதுமாயின என்பர். அந்நகரின் தொன்மையை உலகம் உணர்ந்தது 1924இல்தான்.

நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் பொறித்த ஓடுகள் வெளிப்பட்டன. கொல்லரும் மணி கோப்பவரும் வாழ்ந்த தொழிலூர் அது. ஓடு எந்த மண்ணடுக்கில், எதனுடன் கிடந்தது என்று குறித்தமையாலேயே அது சான்றாயிற்று. எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்த ஓடு பாதிச் சான்றே.

ஆகவே பள்ளத்தருகே ஒருவர் நின்று கவனித்தல் வேண்டும். சாம்பல் அடுக்கோ, தாழியின் விளிம்போ தெரிந்தால் அவ்விடத்தில் மட்டும் வெட்டை நிறுத்தி, ஆழத்தை அளந்து, படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அறிவித்தல் முறை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது.

ஆனால் மீட்டர் கணக்கில் கூலி பேசும் இடத்தில் வேலை நின்றால் இழப்பு யாருக்கு? இங்கிலாந்தில் 1990 முதல் இத்தகைய ஆய்வுச் செலவைக் கட்டுமானம் செய்வோரே ஏற்கும் முறை நிலைபெற்றது. இங்கும் ஒப்பந்தத்திலேயே நின்ற நேரத்துக்கான கூலியைச் சேர்க்குமாறு ஊராட்சிகளை நாம் கேட்டல் வேண்டும்.