ரோபோக்கள்: உடற்பொருளும் வடிவமும்

தானாகவோ தொலைவிலிருந்து ஏவப்பட்டோ மனிதர் செய்யும் வேலையைச் செய்யும் பொறி ரோபோ. அதன் உடலும் உருவமும், அது போய் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அமைகின்றன.

தமிழ்க் காப்பியப் புலவர்கள் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சீவக சிந்தாமணியில், கருவுற்ற அரசி விசயை தப்பிச் செல்வதற்காக அரசன் சச்சந்தன் ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். அதற்கான பொருள்களையும் திருத்தக்கதேவர் சொல்கிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் மயில் தயார். கற்பனைதான். ஆனாலும் பறக்க வேண்டியதற்கு இலேசான பொருள்களையே தேர்ந்த நுட்பம் வியக்க வைக்கிறது. பெருங்கதையில் அதன் நாயகன் உதயணனைச் சிறைபிடிக்க வருவதோ வீரர்கள் உள்ளே ஒளிந்திருக்கும் எந்திர யானை.

உண்மையான ரோபோக்களிலும் இடமே உடலைத் தீர்மானிக்கிறது. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்த யுனிமேட், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கிய ஒற்றைக் கை. எடை ஏறத்தாழ 1,800 கிலோ. ஓரிடத்திலேயே நின்றதால் எடை தடையாகவில்லை. ககன்யான் விண்வெளித் திட்டத்துக்காக இஸ்ரோ 2020இல் காட்டிய மனித உருவ ரோபோ வியோமித்ராவுக்குக் கால்களே இல்லை. விண்கலத்தில் அதற்கு நடை தேவையில்லை.

தமிழகத்தில் இந்தத் துறையின் மிக அவசரமான தேவை மலக்குழியில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் சாவுகள் நிற்கவில்லை. அங்கே திரளும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆளைக் கொல்லும். அதிலிருந்து உண்டாகும் அமிலம் இரும்பையும் அரிக்கும். மீத்தேன் சேர்ந்த இடம் வெடிக்க ஒரு தீப்பொறியே போதும். கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த பாண்டிகூட் என்ற ரோபோவின் உடல் பின்னர் கார்பன் இழைக்கு மாறியது. சிலந்திபோல் கால்களைச் சுருக்கி ஆளிறங்கு குழிக்குள் இறங்கி, விரித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கையால் கசடை அள்ளும். கும்பகோணத்துக்கும் அது வந்தது.

செப்டிக் டேங்க் வேறு வகைச் சிக்கல். வாய் குறுகல், வயிறு அகலம், அடியில் இறுகிய கசடு. பாதாளச் சாக்கடை எட்டாத கல்வராயன் மலையூர்களில் கழிவறைக்குக் கீழே இருப்பது தொட்டியோ குழியோதான். சாக்கடைக்கென்று செய்த ரோபோவால் அங்கே பயனில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு உருவாக்கிய ஹோமோசெப் இந்தத் தொட்டிகளுக்கானது. மடித்த அலகுகள் வாய்வழியே இறங்கி, உள்ளே தலைகீழ்க் குடையாக விரிந்து சுழல்கின்றன. இறுகிய கசடு கூழாகிறது. பம்பு அதை உறிஞ்சிவிடுகிறது. கண்ணோ முகமோ இதற்குத் தேவைப்படவில்லை. மனித உருவ ரோபோக்களுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

2022இல் முதல் இரண்டு ஹோமோசெப் எந்திரங்களும் சுயஉதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. அக்குழுக்களை நடத்தியவர்கள், கழிவு அகற்றும் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள்.