நோயெதிர்ப்பின் செலவு

நோய்க்கிருமியை எதிர்த்து நிற்பதற்காக ஓர் உயிர் தன் ஆற்றலிலும் வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் எவ்வளவு இழக்கிறது என்று ஆராயும் துறை சூழலியல் நோயெதிர்ப்பியல். பென் ஷெல்டனும் சைமன் வெர்ஹல்ஸ்டும் 1996இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது தனித்துறையாக நிலைபெற்றது.

நட்சத்திரமீன் லார்வாவுக்குள் குத்திய முள்ளை அணுக்கள் சூழ்ந்துகொள்வதை 1882இல் மெச்னிக்கோவ் கண்டதிலிருந்து, நோயெதிர்ப்பு எப்படி இயங்குகிறது என்பதே நெடுங்காலம் முதன்மைக் கேள்வியாக இருந்தது. ஆய்வுக்கூட விலங்குகளுக்கு வேளாவேளைக்குத் தீனி கிடைத்தது. இந்த நிறைவில் எதிர்ப்பின் செலவு கண்ணில் படவில்லை.

முதல் தடயம் காய்ச்சல். உடல்வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு கூடுகிறது. இவ்வளவு செலவில் பயன் உண்டா? 1975இல் மேத்யூ குளூகர் குழுவினர் பாலைவன இகுவானா பல்லிகளுக்கு பாக்டீரியத் தொற்றை ஏற்படுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். அதிக வெப்பத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. நோயுற்ற விலங்கு இரை எடுக்காமல் சுருண்டு கிடப்பதும் உடலின் தற்காப்பு உத்தியே என்று 1988இல் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார்.

அடுத்த தடயம் பறவைகளிடம் கிடைத்தது. ஆண் பறவையின் பளிச்சிடும் நிறத்தை ஒட்டுண்ணி எதிர்ப்போடு ஹாமில்டனும் மர்லீன் சூக்கும் 1982இல் இணைத்தார்கள். அந்த அலங்காரத்துக்குத் துணைநிற்கும் டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது என்ற கருதுகோளை 1992இல் ஃபோல்ஸ்டாடும் கார்ட்டரும் முன்வைத்தார்கள். பிந்தைய சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆனாலும் பல ஆய்வுகளைத் தூண்டிவிட்டது இக்கருதுகோள்தான்.

உறுதியான சான்று பூச்சிகளிடமிருந்து வந்தது. ஒட்டுண்ணிக் குளவி ஒன்று பழ ஈயின் புழுவுக்குள் முட்டையிடும். புழுவின் இரத்த அணுக்கள் முட்டையைச் சுற்றிப் படிந்து, கருத்த உறையாக இறுகி, அதை மூச்சுமுட்டச் செய்யும். கிராய்வெல்டும் காட்ஃபிரேயும் குளவியிடம் தப்பிய ஈக்களை மட்டுமே இனம்பெருக்கினார்கள். ஐந்தே தலைமுறைகளில், தப்பிப் பிழைப்பவை சுமார் 5 விழுக்காட்டிலிருந்து பாதிக்கு மேல் உயர்ந்தன. 1997இல் வெளியான முடிவின் மறுபாதிதான் முக்கியமானது: தீனி தாராளமாக இருந்தபோது இந்த ஈக்களிடம் எந்தக் குறையும் தெரியவில்லை, தட்டுப்பாடு வந்ததும் அவற்றின் புழுக்கள் சாதாரணப் புழுக்களிடம் போட்டியில் தோற்றன. அவற்றின் உடலில் இரத்த அணுக்கள் ஏறத்தாழ இருமடங்கு இருந்ததும், அவை மெதுவாகவே தின்றதும் பின்னர் தெரியவந்தன.

2000இல் யானிக் மோரேவும் பால் ஷ்மிட்-ஹெம்பலும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. பம்பிள் தேனீக்களுக்கு அவர்கள் நோய்க்கிருமியைச் செலுத்தவே இல்லை. பாக்டீரியச் சுவரின் மூலக்கூறையும் நுண்மணிகளையும் செலுத்தி எதிர்ப்பை மட்டும் எழுப்பினார்கள். வயிறு நிறைந்த தேனீக்கள் தாங்கின. பட்டினி போடப்பட்டவை வெகு சீக்கிரம் இறந்தன. நோய் செய்த கேடு எது, எதிர்ப்பு செய்த கேடு எது என்று பிரித்துக் காட்டியதால் இத்துறையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இயற்கையில் வாழும் விலங்குகளிடமும் இந்தச் செலவு உண்டா? ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் மேய்ப்பரின்றித் திரியும் சோய் செம்மறியாடுகளை ஆண்ட்ரியா கிரகாம் குழுவினர் ஆராய்ந்தார்கள் (2010). எதிர்ப்பொருள் மிகுந்த பெட்டை ஆடுகள் கடுங்குளிரைத் தாண்டின. ஆனால் குறைவாகவே குட்டி ஈன்றன. எதிர்ப்பாற்றல் ஏற ஏற நல்லது என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான இயற்கைச் சான்று அரிது.

மனிதரில் இத்தகைய சோதனைகளைச் செய்ய முடியாது. இயல்பாக வரும் தொற்றுகளைத்தான் கவனிக்க வேண்டும். காய்ச்சலில்லாத சளித்தொல்லையின்போதே இளைஞர்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு கூடுவதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எக்வடோரின் அமேசான் காட்டில் வாழும் ஷுவார் மக்களின் பிள்ளைகளைச் சாமுவேல் அர்லாக்கர் குழுவினர் அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்ப்பு சற்றே கூடுதலாக இயங்கிய காலங்களிலேயே பிள்ளைகளின் வளர்ச்சி 49 விழுக்காடு வரை குறைந்தது. உடலில் ஓரளவு கொழுப்புச் சேமிப்பு இருந்த பிள்ளைகளை அழற்சி அவ்வளவாகப் பின்னிழுக்கவில்லை.