வைரசின் வகையும் மருந்தின் விலையும்

பசறையிலிருந்து லுணுகலையூடாகச் செல்லும் பாதை, தேயிலை மலைகளை விட்டிறங்கிப் பிபிலையை அடைகின்றது. அப்பகுதியின் பழைய நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்து, சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து, மருந்து மக்களுக்கே உரியது என்று வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. நோய்க்கு மருந்து உண்டு என்றால், அது யாருக்கு உண்டு? அவர் வாழ்வு எழுப்பும் இக்கேள்வியை மனத்திற்கொண்டு, அண்மைக்கால மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைப் புரட்டுவோம்.

1970களிலே, குருதியேற்றம் பெற்ற பலருக்கு ஈரல் அழற்சி கண்டது. சோதித்தபோது அது 'ஏ' வைரசாலும் வந்ததன்று, 'பி' வைரசாலும் வந்ததன்று. பெயரில்லாத அந்நோயின் காரணத்தை 1989இல் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகியோர் கண்டறிந்தனர். அதுவே 'சி' வைரசு. 2020ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹாவி ஆல்ட்டர், ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. சூவும் குவோவும் அப்பட்டியலில் இல்லை.

இவ்வைரசு தன்னைப் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. அப்பிழைகள் நூற்றாண்டுகளாய்ச் சேர்ந்து பல மரபணு வகைகளாகக் கிளைத்தன. 1990களில் ஆறு வகைகள் வரையறுக்கப்பட்டன. இன்று எட்டு அறியப்பட்டுள்ளன. முதலாம் வகை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி. மூன்றாம் வகை இந்தியத் துணைக்கண்டத்தில் மிகுதி. நான்காம் வகை எகிப்திலே பெருகியமைக்கு மனிதர் செயலே காரணம். நத்தைவழிப் பரவும் பில்ஹார்சியா நோயை ஒழிக்க நடந்த இயக்கத்தில், சரிவரக் கொதிக்கவைக்கப்படாத ஊசிகள் ஊரூராய்க் குத்தப்பட்டன. வகைகளின் பரம்பலில் மனித சமுதாயத்தின் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது.

மருத்துவமனையில் இவ்வகைப் பிரிப்பு ஏன் வேண்டப்பட்டது? இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் மட்டுமே இருந்த காலத்தில், முதலாம் வகையினருக்கு 48 வாரச் சிகிச்சை. குணமடைந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர். இரண்டாம், மூன்றாம் வகையினருக்கு 24 வாரமே போதும், குணமடைவோரும் அதிகம். ஆகவே வகையறியாமல் வைத்தியர் மருந்தெழுத இயலவில்லை. வகையறியும் சோதனைக்கோ உயர்ந்த ஆய்வுகூடமும் மிகுந்த பணமும் தேவை. நோயாளியின் முன் ஒரு வாயிற்கதவு நின்றது எனலாம்.

2011இலே டெலாப்ரெவிர், போசெப்ரெவிர் என்னும் புதிய மருந்துகள் வந்தன. அவை முதலாம் வகைக்கே உரியவை. செல்வ நாடுகளின் வகைக்கு மருந்து முந்தியது. நம் பக்கத்து மூன்றாம் வகை காத்திருந்தது. விஞ்ஞானக் காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் எந்தச் சந்தையை நோக்கி ஆராய்ச்சி நடக்கிறது என்பதை நாம் மறத்தல் கூடாது.

2013 டிசம்பரில் சோபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு மாத்திரையின் விலை 1,000 டொலர். 12 வாரத்துக்கு 84,000 டொலர். நம் மலைநாட்டுத் தொழிலாளி 1,000 ரூபாய் நாட்கூலிக்காகப் பல்லாண்டு போராடி, 2021இலேதான் அதனைச் சட்டப்படி பெற்றான் என்பதை இங்கு நினைவுகூர்வோம்.

அவ்விலை உற்பத்திச் செலவால் வந்ததன்று. 2014இல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அம்மருந்தை மூலப்பெயரிலே செய்யத் தொடங்கியதும், விலை சில நூறு டொலராகச் சரிந்தது. பின்னர் மேலும் குறைந்தது. 2016இல் எல்லா வகைகளுக்கும் பயன்படும் சோபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் கூட்டு மருந்து அனுமதி பெற்றது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய மருந்துகளையே பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலை 28இல் இந்தியா இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. சிகிச்சை பயனளிக்காதவர் போன்ற சிலருக்கு வகையறிதல் இன்றும் உதவும். ஏனையோர்க்கு அந்தக் கதவு அகன்றுவிட்டது.

இனி எஞ்சுவது நோயாளியைக் கண்டுபிடித்தல். இலங்கையில் இந்நோய் குறைவு. தானக் குருதி முழுதும் சோதிக்கப்படுகிறது. குறைவென்பது இல்லையென்பதன்று. அடிக்கடி குருதியேற்றம் பெறும் தலசீமியா நோயாளர் பதுளை மாவட்டத்தில் உள்ளனர். 'சி' வைரசோ பல்லாண்டு அறிகுறியின்றி ஈரலை அரிக்கும். லயத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குச் சென்று மீள ஒரு நாட்கூலி போய்விடும். மாத்திரை மலிந்தாலும், சோதனை அவளிடம் வராதவரை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது எட்டாக்கனியே.

1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அறிக்கை தந்தார் பிபிலே. அதே ஆண்டில் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்குத் தலைமை தாங்கினார். வணிகப் பெயர்களை விடுத்து மூலப்பெயராற் கொள்முதல் செய்க, தேவையானவற்றை மட்டும் வாங்குக என்பன அவர் கொள்கைகள். பன்னாட்டு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1977இல் கயானாவில் அவர் காலமானார். சோபோஸ்புவிரை எளியோர் கைக்கு எட்டச் செய்த வழியும் அவர் காட்டிய மூலப்பெயர் வழியே.

ஆய்வுகூடம் வைரசின் வகையைப் பிரித்தறிந்தது. அதனால் அறிவு வளர்ந்தது. நோயாளியைச் செல்வத்தால் வகை பிரித்தது சந்தை. அந்தப் பிரிவினையை அகற்றும் மாத்திரையை எந்த ஆய்வுகூடமும் செய்து தரமாட்டாது. அது நம் கடமை; நம் மாணவரின் கடமை.