ஊரார் பொறுப்பில் கல்வி

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என்னும் சிற்றூரின் கல்வெட்டை நம்மவருள் பலர் அறிவர். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கனகவீரக் குரத்தியாரின் 500 மாணாக்கியர்க்கும் தவப்பெண்டிர் 400 பேர்க்கும் இடையே மூண்ட பூசலைக் குறிப்பிடுகிறது. குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர் என்பதும் அதனால் தெரிகிறது. கற்பாரைப் பேணுவது ஊர்க்கடன் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆயினும் ஊர் என்றால் யார் என்னும் வினா உண்டு. சென்னை மாகாணத்தில் பொதுப்பணத்தால் நடந்த தொடக்கப்பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் சாவடியிலும் கோயில் இடங்களிலும் இயங்கின. சேரிப் பிள்ளைகள் அத்தெருக்களுள் கால்வைக்க முடியாது. ஆகவே பள்ளியிலும் சேர இயலாது. 1919ஆம் ஆண்டையொட்டிய அரசுக் கணக்கின்படி, பொது நிர்வாகத்திலிருந்த 8,157 பள்ளிகளுள் 609 மட்டுமே அவர்களுக்கு வழிவிட்டன. எல்லோரும் அணுகக்கூடிய இடத்திற்குப் பள்ளிகளை மாற்றுமாறு அரசு ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்ற வேண்டியவை உள்ளாட்சி மன்றங்கள். அவற்றில் அமர்ந்திருந்தோரோ பெரும்பாலும் அத்தெருக்காரர்களே! மேற்பார்வை உள்ளூரில் இருந்தது; குறைபாடும் அங்கேயே இருந்தது.

1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. மாவட்டக் கல்விக் குழுக்கள் தோன்றின. அரசின் இசைவுடன் கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியைக் கொணரவும் உள்ளாட்சிகள் உரிமை பெற்றன. உரிமை இருந்தும், வரி விதிக்கத் துணியும் மன்றங்கள் மிகுதியாக இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாக்குக் கேட்டு வருபவருக்கு வரி உவப்பான பேச்சன்று.

காமராசர் ஆட்சியில் வேறொரு வழி தெரிந்தது. மதிய உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளையின் உணவுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்றனர். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கட்டடம், பலகை, சீருடை என ஊராரின் கொடைகளைத் திரட்டின. பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்தது, ஆணைகளால் ஆகாததைச் செய்தது. ஆனால் வளமான ஊரின் பள்ளி வளர்ந்ததுபோல் வானம் பார்த்த ஊரின் பள்ளி வளர்ந்திருக்காது. கொடையை நம்பும் எந்த ஏற்பாட்டிற்கும் இவ்வரம்பு உண்டு.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் கொடையாளரை விடுத்துப் பெற்றோரை அழைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்தம் பிள்ளைகளின் அளவுக்கேற்ப இடம். பள்ளி பெறும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கேட்பதும் பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் இவர்தம் கடமை. 2022இல் தமிழக அரசு இக்குழுக்களை 20 உறுப்பினர்களுடன் மறுசீரமைத்துப் பெற்றோருள் ஒருவரையே தலைவராக்கியது.

நூறாண்டுக்கு முன் பள்ளித் தெருவில் நுழைய இயலாதவரின் பெயர்த்தி இன்று அக்குழுவின் தலைவராகலாம். அவர் முன் வைக்கப்படும் தீர்மானப் பதிவேட்டில் கையொப்பமிடுமுன் அதனைப் படித்துப் பார்க்க நேரமளிக்கப்படுகிறதா என்பதைத்தான் நம் ஊர்ப்பள்ளிகளில் கேட்டறிய வேண்டும்.