பாலியல் கல்வி (இந்தியா)

உடல் வளர்ச்சி, பூப்பு, இனப்பெருக்கம், கருத்தடை, பால்வினை நோய்கள், ஆண்-பெண் உறவு, தன் உடல்மீது தனக்குள்ள உரிமை, வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைச் சிறுவர்க்கும் இளையோர்க்கும் கற்பிப்பது பாலியல் கல்வி. இந்தியாவில் இது நாடு முழுவதற்குமான கட்டாயப் பாடமாக இன்றுவரை இல்லை. குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை, எய்ட்ஸ் தடுப்பு, குழந்தைப் பாதுகாப்பு என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு தேவைக்காக அது பேசப்பட்டது. எந்த வயதில் தொடங்குவது, எதுவரை சொல்வது என்பதையும் பெரும்பாலும் அந்தந்தத் தேவையே முடிவு செய்தது. கற்கும் பிள்ளையின் வளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளும் பார்வை மிகப் பிந்தி வந்தது.

தொடக்க முயற்சிகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பேச்சு மணமானவர்களை நோக்கியே இருந்தது. பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்த ரகுநாத் தோண்டோ கர்வே 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். கல்லூரி நிர்வாகம் அவருடைய கருத்துகளை ஏற்காததால் பேராசிரியர் வேலை போயிற்று. 1927இல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கி, 1953இல் இறக்கும்வரை நடத்தினார். வாசகர்கள் கேட்ட பாலியல் ஐயங்களுக்கு அதில் ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதியதால் அவர்மீது ஆபாச வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1934இல் நடந்த வழக்கில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கர்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

மைசூர் அரசு 1930இல் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். தமிழகத்தில் பெரியார் வேறொரு கோணத்திலிருந்து பேசினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்க, அவர் அதைப் பெண்ணின் விடுதலைக்கான வழியாகக் கண்டார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்குத் தனிக் கட்டுரையே உண்டு. இவர்கள் எல்லாருடைய எழுத்தும் பேச்சும் வளர்ந்தவர்களுக்கானவை. பள்ளிப் பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் வரவில்லை.

மக்கள்தொகைக் கல்வி

1949இல் தன்வந்தி ராமா ராவ் தலைமையில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பம்பாயில் உருவானது. 1952இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டை நாடு தழுவிய திட்டமாக ஏற்றது. அத்திட்டத்தின் சின்னமான சிவப்பு முக்கோணமும் சிறுகுடும்ப விளம்பரங்களும் ஊர்ச் சுவர்கள்தோறும் இடம்பெற்றன.

பெற்றோருக்குச் சொல்வதை வருங்காலப் பெற்றோருக்கும் சொல்லலாமே என்ற எண்ணத்தில் 1969இல் மக்கள்தொகைக் கல்விக்கான தேசியக் கருத்தரங்கு பம்பாயில் கூடியது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு 1980இல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. உணவு, நிலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றின்மீது மக்கள்தொகைப் பெருக்கம் தரும் நெருக்கடியே அதன் மையப்பொருள். குடும்பம் சிறிதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்திய பாடம், குழந்தை எப்படி உண்டாகிறது என்ற கேள்வியைத் தொடாமல் சுற்றிச் சென்றது. இளையோருக்கு நேரடியாகப் பாலியல் ஆலோசனை தரும் வேலையை அக்காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளே மேற்கொண்டன.

எய்ட்ஸ் கொண்டுவந்த மாற்றம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பாலுறவைப் பற்றிப் பேசாமல் மக்கள்தொகையைப் பற்றிப் பாடம் நடத்த முடிந்தது. எச்.ஐ.வி. பரவும் வழியை அப்படிச் சொல்ல முடியவில்லை. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. மறு ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு வளரிளம் பருவக் கல்வி குறித்த தேசியக் கருத்தரங்கை நடத்தியது.

தமிழகத்தில் இக்கால மாற்றம் வீட்டுக்கூடத்துக்கும் வந்தது. விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா? புனிதமா?’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நேயர்களின் பாலியல் ஐயங்களுக்கு நகைச்சுவை கலந்து பதில் சொன்னார்.

2005இல் மத்தியக் கல்வித் துறையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தன. ஆண்டுக்கு 16 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது திட்டம். நோய்த்தடுப்பே முதன்மை நோக்கமாக இருந்ததால் 9ஆம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களே இலக்காயினர்.

தடையும் நாடாளுமன்றக் குழுவும்

2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் இத்திட்டத்தை நிறுத்தின. ஆசிரியர் கையேட்டிலும் விளக்கப் படங்களிலும் இருந்த உடல் ஓவியங்கள் வரம்பு மீறியவை என்பது உடனடிக் குற்றச்சாட்டு. இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பது பொதுவான எதிர்ப்பு. பின்னர் கையேடுகள் திருத்தி எழுதப்பட்டன.

இத்திட்டத்தை எதிர்த்து வந்த மனு ஒன்றை வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு விசாரித்து, 2009இல் அறிக்கை அளித்தது. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் பாலுறவு தவறு என்பதே மாணவர்க்குச் சொல்ல வேண்டிய செய்தி, எச்.ஐ.வி. பற்றிய பகுதிகள் மேல்நிலை உயிரியல் பாடத்தில் இடம்பெற்றால் போதும் என்று அது பரிந்துரைத்தது.

எல்லா மாநிலங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. ஜார்கண்ட் அரசு 2006இல் தொடங்கிய ‘உடான்’ திட்டம் ஒரு தன்னார்வ அமைப்பின் துணையோடு அரசுப் பள்ளிகளில் தொடர்ந்தது. மாநில அரசே அதைத் தன் திட்டமாக நடத்தியதும், ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தந்ததும், உள்ளூர்ச் சூழலுக்கேற்பப் பாடங்களை அமைத்ததும் அது நிலைத்ததற்குக் காரணங்கள்.

குழந்தைப் பாதுகாப்பு

தடைகள் வந்த அதே 2007இல் மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு வெளியானது. அதில் பதிலளித்த 12,447 குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். கொடுமை செய்பவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்களே என்பதும் வெளிப்பட்டது. ‘பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போது எதற்கு?’ என்ற கேள்வி இந்த ஆய்வுக்குப் பின் வலுவிழந்தது.

2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் டெல்லியில் இளம்பெண் ஒருவர்மீது நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் பாலியல் கல்வி தேவை என்று கூறியது. 2014இல் 10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் தொடங்கியது. 2020இல் வெளியான பள்ளி நலத்திட்டப் பாடத்திட்டம் 11 கருப்பொருள்களைக் கொண்டது. பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலம், இணையப் பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என இருவருக்குப் பயிற்சி தருவது அதன் நடைமுறை.

எந்த வயதில்?

யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டி 5-8, 9-12, 12-15, 15-18க்கு மேல் என நான்கு படிகளைக் காட்டுகிறது. உடல் உறுப்புகளின் சரியான பெயர், எவரும் தொடக்கூடாத இடங்கள், நம்பகமான பெரியவரிடம் சொல்வது ஆகியவை முதல் படி. பருவ மாற்றங்கள் இரண்டாவது. உறவு, சம்மதம், கருத்தடை, நோய்த்தடுப்பு ஆகியவை அடுத்தடுத்த படிகளில் விரிவாகின்றன. பாலியல் கல்வி பெற்றவர்கள் பாலுறவில் முந்தி ஈடுபடுவதில்லை என்பது இவ்வழிகாட்டிக்காகத் தொகுக்கப்பட்ட பன்னாட்டு ஆய்வுகளின் முடிவு.

இந்தியாவில் இந்த வரிசை முறையாக அமையவில்லை. மாதவிடாய் இதற்கு நல்ல சான்று. இந்தியச் சிறுமியரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழப் பாதிப்பேர் பூப்பெய்தும் முன் அதைப்பற்றி எதுவும் அறிந்திருக்கவில்லை என்று காட்டியது. தமிழகத்தில் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வழக்கம் உண்டு. விழா ஊருக்குத் தெரிந்த அளவுக்கு, உடலில் நடந்தது என்ன என்பது அந்தச் சிறுமிக்கு விளக்கப்படுவதில்லை. 2011 முதல் தமிழக அரசு ‘புதுயுகம்’ திட்டத்தின்கீழ் வளரிளம் பெண்களுக்குச் சானிட்டரி நாப்கின்களை இலவசமாக வழங்குகிறது. பையன்களுக்கு அப்பருவத்தில் எந்தச் சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை.

கற்பிக்கும் முறை

வயதைப் போலவே ஆசிரியரின் தயக்கமும் முக்கியத் தடை. இனப்பெருக்கப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடும் வகுப்புகள் உண்டு. பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடும் கேள்விப் பெட்டி, கூச்சத்தைக் கடக்கப் பரவலாகக் கையாளப்படும் வழி. ஆசிரியர் முன்கூட்டியே கேள்விகளைப் படித்துத் தயாராகவும் அது உதவுகிறது. சக மாணவர்களில் சிலருக்குப் பயிற்சியளித்து அவர்கள் வழியாகப் பேசுவது இன்னொரு முறை. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் இதையே பின்பற்றுகிறது. சிறு குழந்தைகளுக்கு ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லித்தரப்படுகிறது. குழந்தையின் மனம் பழகும்வரை கொஞ்சிப் பேசி நெருங்குபவரின் தொடுதல் கெட்டதாகத் தோன்றாமல் போகலாம் என்பதால், எந்த இடத்தை யார் எப்போது தொடலாம் என்ற தெளிவான விதிகளைக் கற்பிக்கும் முறையைக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் விரும்புகின்றன. பெற்றோர் கூட்டத்தில் பாடத்தை முன்னரே விளக்கிவிட்டால் எதிர்ப்பு குறைகிறது.

இன்றைய நிலை

குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பார்ப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2024 செப்டம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேலைநாட்டுக் கருத்து என்ற எண்ணம் தவறு என்றும், முழுமையான பாடத்திட்டத்தை வகுக்க வல்லுநர் குழு அமைப்பதை அரசு பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. 2025 அக்டோபரில், 9ஆம் வகுப்புக்கு முன்பே இக்கல்வி தொடங்க வேண்டும் என்று இன்னொரு வழக்கில் கருத்துத் தெரிவித்தது.

சட்டம் இதற்குள் ஒரு சிக்கலையும் வைத்திருக்கிறது. போக்சோவின்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லாது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதனால் 16, 17 வயது மாணவர் தம் காதல் உறவைப்பற்றி ஆசிரியரிடம் மனம்விட்டுக் கேட்பதும், ஆசிரியர் ரகசியம் காத்து ஆலோசனை சொல்வதும் கடினமாகின்றன. இன்று ஒரே பள்ளியில் தொடக்க வகுப்பில் பாதுகாப்புப் பயிற்சி, நடுநிலையில் மாதவிடாய் விளக்கம், உயர்நிலையில் இனப்பெருக்கப் பாடம் என மூன்றும் மூன்று துறைகளின் திட்டங்களாக நடக்கின்றன. அவற்றை ஒரே பாடத்திட்டமாக இணைப்பதும், அதை நடத்த ஆசிரியரைத் தயாரிப்பதும் எஞ்சியுள்ள வேலைகள்.