பிரிக்காத மூன்று கடிதங்கள்

"பாண்டிச்சேரிக்காரருக்குப் பேரணாம்பட்டில் என்ன வேலை?" என்று இங்கே பலர் கேட்பதுண்டு. மனைவியின் ஊர். பாண்டிச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2011-ல் ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிட்டேன். வந்த புதிதில் தோல் ஷாப்பு வாடை மூக்கைத் துளைத்தது. இப்போது அது தெரிவதே இல்லை.

இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டிலோ வேறெங்கோ இருக்கிறார்கள். எங்கள் பாண்டிச்சேரியில் அந்தக் காலத்து வளைகுடா எது தெரியுமா? சைகோன்! 1862-ல் வியட்நாமின் தென்பகுதியை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதன் பிறகு பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் அங்கே கப்பல் ஏறினார்கள். வரி வசூல், போலீஸ், சுங்கம், தபால் என்று பல இலாகாக்களில் வேலை கிடைத்தது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும் சைகோன் நகரத்தின் நடுவில் இருக்கிறது. வியட்நாமியர்களும் அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

என் பெரியப்பாவும் அப்படித்தான் 1930 வாக்கில் சைகோன் போய்ச் சுங்க இலாகாவில் சேர்ந்தார். அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். என் அப்பா ஊரில் பாட்டியோடு தங்கிப் பஞ்சாலை வேலைக்குப் போனார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இனி கொஞ்சம் சரித்திரம். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு வருஷம் ஆயிற்று. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள்தான் எங்களைப் போன்ற குடும்பங்களின் தலையெழுத்து. பாண்டிச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை ஊரில் 'ஒப்சியோன்' என்பார்கள். சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அதே மண்ணில் பிறந்து சைகோன் போன்ற வெளிதேசத்தில் இருந்தவர்களோ எதுவும் எழுதித் தராமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது வயது பதினொன்று.

"உங்கள் அண்ணன் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நாமும் பாரீசில் இருந்திருப்போம்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினார். அப்பா பதில் பேசமாட்டார். 1967-க்குப் பிறகு சைகோனிலிருந்து கடிதம் வருவதே நின்றுபோனது. ஒருநாள் அப்பா என்னிடம், "பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதிக்கொடுடா" என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது, நான் எழுதவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம், பெரியப்பாவின் பேரன் ஒரு பழைய உறையின் விலாசத்தை வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டான். மறுவருஷம் நான் பிரான்ஸ் போனேன். பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் அக்கா வீடு. 1975-ல் சைகோன் விழுந்தபோது வந்தவர்கள். வாசல் கதவில் ஒட்டியிருந்த குடும்பப் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அது என் தாத்தாவின் பெயர்! எங்கள் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது. தாத்தாவின் பெயர் ஊரில் யாரிடமும் இல்லை. தமிழ் தெரியாத அவர்கள்தான் அதை வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

அக்காவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வியட்நாமிய முகம், பெரியப்பாவின் நெற்றி. சாப்பாடு முடிந்ததும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அப்பாவின் கடிதங்கள். மூன்று உறைகள் பிரிக்கவே இல்லை. "1967-ல் அப்பா இறந்தார். அதன் பிறகு இதைப் படிக்க வீட்டில் யாருமில்லை. எங்கள் அம்மாவைச் சித்தப்பாவுக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தோம்" என்றார் பிரெஞ்சில்.

ஒவ்வொன்றாகப் படித்துப் பிரெஞ்சில் சொன்னேன். எல்லாக் கடிதத்திலும் "அண்ணியாரின் சுகத்துக்கு எழுதவும்" என்று இருந்தது. 1963 ஜனவரிக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். போட்டால் ஒருநாள் புறப்பட வேண்டிவரும். அம்மாவை விட்டு வரமுடியாது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. பையனைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் வைத்திருக்கிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகளோடு பேச நம் வீட்டில் ஒருவன் வேண்டும்."

எனக்குக் குரல் எழும்பவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரிக்காத மூன்றையும் கடைசியில் பிரித்தோம். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் பதில் இல்லை?" அந்தப் பதிலை நாற்பத்தைந்து வருஷம் முன்பே ஒரு பக்கப் பிரெஞ்சில் நான் வாங்கித் தந்திருக்கலாம்.

அக்கா இப்போது இல்லை. அவர் பேரப்பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். அப்பா கட்டிய பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இப்போதுதான் கணக்குத் தீர்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே இறக்கிப் பார்த்துவிடுங்கள்.