சிறுநீர்ச் சோதனைச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நோய்ப் பெயர்களின் வரலாறு, நோயை எவ்வழியாக அறிந்தனர் என்பதன் வரலாறுமாகும். சிறுநீர்ச் சோதனை தொடர்பான சொற்களைக் கொண்டு இதனை விளக்குவதும், மொழிபெயர்ப்பில் எழும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

‘நீரிழிவு’ என்னும் சொல்லில் ‘இழி’ என்பது இறங்குதல், வழிதல் என்னும் பொருளது. சிறுநீர் மிகுதியாகக் கழிதலாகிய வெளிப்படைக் குறியே இங்குப் பெயராயிற்று. ஊடே செல்லுதல் என்னும் பொருளுடைய ‘டயாபிடிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் இக்குறியையே சுட்டும். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல்களோ 20 வகைப் பிரமேகங்களுள் ஒன்றை, அதன் இனிமை பற்றி, ‘மதுமேகம்’ என்றன. ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் 1674இல் இவ்வினிமையைக் குறித்தார். அதற்குக் காரணம் சர்க்கரையே என்பதை மாத்யூ டாப்சன் 1776இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் நோக்குவது. 20ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் கரைசலின் நீலம் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என மாறுவதைக் கொண்டு சர்க்கரையின் அளவு மதிப்பிடப்பட்டது. 1956இல் குளுக்கோஸை மட்டும் காட்டும் தோய்ப்புப் பட்டை விற்பனைக்கு வந்தது. பேச்சு வழக்கிலுள்ள ‘சர்க்கரை வியாதி’ என்னும் பெயரோ சோதனையிற் காணும் பொருளையே நோய்க்கு அடையாக்கியது.

சிக்கல் இங்கேயே தோன்றுகிறது. ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்றால் தமிழில் நோய் இருக்கிறது என்றே பொருள். எனவே ஆய்வக அறிக்கையைச் ‘சர்க்கரை இருக்கிறது’ என மொழிபெயர்த்தால், சோதனை முடிவு நோய்த் தீர்ப்பாக மாறிவிடும். இரத்தக் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடக்கும்போதுதான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை தோன்றும். ஆதலின் நீரிழிவு இருந்தும் அது காணப்படாமற் போகலாம். கருவுற்ற காலத்திலும், சில மருந்துகளாலும் நீரிழிவின்றியே அது காணப்படலாம். நோயை உறுதிசெய்வது இரத்தச் சோதனையே.

தொற்றைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. நைட்ரைட் ‘இல்லை’ என்பது தொற்று இல்லை என்பதாகாது. எல்லா நுண்ணுயிரிகளும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதில்லை. மாற்றுவனவற்றுக்கும் சிறுநீர் பையில் சில மணி நேரம் தங்கவேண்டும். இந்திய ஆய்வகங்களில் வழங்கும் ‘பஸ் செல்ஸ்’ என்பதைச் ‘சீழ் அணுக்கள்’ எனப் பெயர்த்தால், புண் பழுத்ததென நோயாளி அஞ்சுவார். அவை வெள்ளையணுக்களே, நலமுடையோரிடத்தும் சில காணப்படும். ‘பாசிட்டிவ்’ என்பதற்கு ஈடான ‘நேர்மறை’யோ நற்செய்தி போல் ஒலிக்கக்கூடும்.

ஆதலின், ‘காணப்பட்டது’, ‘காணப்படவில்லை’ என்னும் வினைகள் சோதனை முடிவுக்கும், ‘உள்ளது’, ‘இல்லை’ என்பன மருத்துவர் துணியும் நோய்க்கும் உரியனவாக வரையறுக்கப்படுதல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கலைச்சொல்லாளர் பேணினால், அறிக்கையைப் படிக்கும் நோயாளி தேவையின்றி அஞ்சவும், தொற்றைப் புறக்கணிக்கவும் நேராது.